விருந்துக் குவியல்

ஜூன் 4

கொக்கிக்கு, மாமா எழுதுவது.

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து விழுந்திருப்பாய். எழுந்து உட்கார்ந்து படி. உன்னோடு இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று உன் அம்மா வீட்டில், சாப்பாட்டுத் தட்டும் கையுமாக எழுந்து நின்று சபதம் போட்டவன்தான் நான். சபதத்தில் மாற்றமில்லை. பேசமாட்டேன் என்றுதான் சொன்னேனே தவிர எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. சட்டம் படித்த பெரிய மனிதர்களைக் கேட்டுவிட்டேன். எல்லோரும் "இது செல்லும்" என்கிறார்கள்.

அன்றைக்கு நீ என்ன சொன்னாய்? "மாமா, கரி எரிக்கிற காலமெல்லாம் முடிஞ்சு போச்சு. உங்க டோசரை மியூசியத்துல வைக்க வேண்டியதுதான்." அத்தனை சொந்தக்காரர் எதிரில்! மின்நிலையத்துக் கரி யார்டில் மலையைத் தள்ளி பெல்ட்டில் ஏற்றுகிறவனைப் பார்த்து! நீ பரீட்சைக்குப் படித்த வெளிச்சமே நான் தள்ளிக் கொடுத்த வெளிச்சம். எனக்குச் சோறு இறங்கவில்லை. (பிறகு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். அது வேறு விஷயம்.)

சரி, பழையதைக் கிளறவில்லை. போன மாதம் நீயே எஞ்சினியராக எங்கள் நிலையத்துக்கு வந்து இறங்கினாயே, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். லாரியில் வந்த அந்த இரும்புப் பெட்டியை நாலாம் யூனிட் சிம்னியோடு குழாய் போட்டு இணைத்தபோது யார்டே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. அது என்ன யந்திரம் என்று போர்மேனுக்கே நான்தான் விளக்கினேன். "புகையில இருக்கிற கரியமில வாயுவை ஒரு திரவம் கப்புனு பிடிச்சுக்கும். அப்புறம் அதைச் சூடுபண்ணிப் பிரிச்சு பூமிக்கு அடியில தள்ளிடுவாங்க. சிம்னியில வர்றது சுத்தமான காத்து. குழந்தைக்கு விசிறலாம்" என்றேன். போர்மேன் வாயைப் பிளந்தார். அவருக்குப் பல்லில்லை, அதனால் நன்றாகவே தெரிந்தது.

இந்தச் சோதனை தேறினால் நாலு யூனிட்டுக்கும் பெரிய யந்திரம் கட்டுவார்கள், நிலையம் பிழைத்தது. தேறாவிட்டால் பூட்டு. இது எல்லோருக்கும் தெரியும். சோதனை நடத்துவது என் அக்கா மகள் என்பதும் இப்போது எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு வீடு தேடிப் போய்ச் சொன்னேன்.

நீ தலைக்குப் பெரிய மஞ்சள் ஹெல்மெட்டோடு ஏணியில் ஏறி இறங்கியதை டோசர் கேபினிலிருந்து தினம் பார்த்தேன். நீயும் என் பக்கம் பார்த்தாய். ஆனால் கையசைக்கவில்லை. நானும் அசைக்கவில்லை. சபதம்! உன் அத்தை மட்டும் தினம் மாலை, "போய் ஒரு வார்த்தை பேசிட்டு வந்தா கிரீடம் கீழ விழுந்துடுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பேசவில்லைதான். ஆனால் மாமன் சும்மா இருந்தானா? இங்கே ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து பெரியவர்கள் பார்வையிட வரும்போது எரிப்பதற்கென்று கப்பலில் வந்த நல்ல கரியை மதிலோரம் தனியாகக் குவித்து வைத்திருப்போம். விருந்துக் குவியல் என்று பெயர். அதை எரித்தால் சாம்பல் கொஞ்சம், கந்தக நாற்றம் கிடையாது, புகை வெண்ணிறமாய் மணப்பெண் மாதிரி நாணிக்கொண்டு போகும். தினமும் எரிக்கும் சுரங்கக் கரி அப்படியல்ல, பாதி மண்.

நீ இருந்த நாளெல்லாம் நாலாம் யூனிட்டுக்கு விருந்துக் குவியலைத்தான் தள்ளினேன். சுரங்கக் கரியின் ஒரு துண்டுகூட உன் பக்கம் வரவில்லை. ஒவ்வொரு கட்டியும் கண்ணாடி. அதில் பார்த்துத் தலை வாரிக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள். வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு விரிசல் விட்ட கோப்பையிலா தேநீர் கொடுப்பது?

மாதக் கடைசியில் உன் அறிக்கை வரும் என்கிறார்கள். தாராளமாக எழுது.

அன்புடன்,
மாமா

பின்குறிப்பு: பதில் போட்டால் நான் படிப்பேன். படிப்பதும் பேச்சில் சேராது.

---

ஜூன் 9

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது முதலில் சிரித்தேன். கடைசிப் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

வீட்டில் நான் பேசியது தவறு. பேசிய விஷயத்தைச் சொல்லவில்லை, பேசிய விதத்தைச் சொல்கிறேன். அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும். இது அவசரக் கடிதம்.

ஒரே கேள்வி. விருந்துக் குவியல் விஷயம் உண்மையா? அல்லது கடலில் நின்ற கப்பலை டோசரில் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்ததாகச் சின்ன வயதில் எனக்குச் சொன்னீர்களே, அந்த மாதிரியா?

ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பெட்டியில் இருக்கும் திரவம் கரியமில வாயுவைப் பிடிக்கும். ஆனால் கந்தகம் பட்டால் கெட்டுப்போகும். நீங்கள் தினமும் எரிக்கிற கரியில் அது தாங்குமா என்பதுதான் சோதனையே. தாங்கியது என்று எழுதி வைத்திருக்கிறேன். லேபுக்காரர் பரிசோதித்த கரித் துண்டு பெரிய குவியலிலிருந்து எடுத்தது. அதில் சுரங்கக் கரி என்றுதான் வந்தது. ஆனால் பாய்லருக்குள் போனது வேறு கரி என்றால், நான் எழுதியதில் ஒரு வரிகூட நிற்காது.

அறிக்கை என் மேசை மேல் இருக்கிறது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அலங்காரம் வேண்டாம் மாமா. ஆமாவா, இல்லையா?

கொக்கி

---

ஜூன் 14

மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

விருந்துக் குவியல் என்று நான் எழுதியது விளையாட்டுக்கு. அப்படி எதுவும் நடக்கவில்லை. வழக்கமான கரிதான் போட்டோம். நீ கையெழுத்துப் போடலாம்.

அத்தை நலம்.

மாமா

---

ஜூன் 18

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களிடமிருந்து இதுவரை எனக்கு வந்த கடிதம், வாழ்த்து அட்டை, அம்மாவுக்கு எழுதிய சீட்டு என்று எதிலும் இவ்வளவு சின்னதாக ஒன்றைப் பார்த்ததில்லை. ஒரு கப்பல் இல்லை. பெரிய மனிதர் யாரும் உங்களிடம் யோசனை கேட்கவில்லை. யாரும் வாயைப் பிளக்கவில்லை. நடந்ததைச் சொல்லும்போதுதான் நீங்கள் அதற்கு நகை போட்டு அழகு பார்ப்பீர்கள். இந்தக் கடிதம் மொட்டையாக நிற்கிறது. அதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, பொய் இதுதான்.

யார்டில் யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். சரியா?

நானும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் புகை நுழைகிற இடத்தில் கந்தகம் பார்க்கும் மீட்டர் ஒன்று வைத்திருந்தோம். முதல் நாளிலிருந்தே அது மிகக் குறைவாகக் காட்டியது. இந்தக் கரிக்கு இவ்வளவு குறைவாக வராதே, மீட்டர் பழுது என்று நானே கழற்றி ஸ்டோரில் போட்டுவிட்டு, லேப் கொடுத்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டேன். அது பழுதே இல்லை மாமா. பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறது. நான் நம்பவில்லை.

நான் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நாலு யூனிட்டுக்கும் பெரிய யந்திரம் கட்டுவார்கள். சுரங்கக் கரியின் புகை அதற்குள் போகும். கொஞ்ச காலத்தில் திரவம் தார் மாதிரி ஆகி யந்திரம் நின்றுவிடும். "சுத்தக் கரி என்பதே ஏமாற்று வேலை" என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் பூட்டுவார்கள். உங்கள் குவார்ட்டர்ஸில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே நாளில் தெருவுக்கு வருவார்கள். என் பெயர் போவது இருக்கட்டும். அவர்களுக்கு மாற்று வேலை யோசிக்கக்கூட யாருக்கும் நேரம் இருக்காது.

எங்கள் குழுத் தலைவரிடம் மறுபடி சோதனை வேண்டும் என்று சொல்லிவிட்டேன். "எதுக்கு? ரிசல்ட் நல்லா இருக்கேம்மா" என்றார். காரணத்தைச் சொன்னேன். "உங்க மாமா சொன்னாரா!" என்று சிரித்தார். யார்டில் வேலை செய்கிறவர் யாராவது அவர் எதிரில் நின்று சொன்னால்தான் கேட்பாராம். அடுத்த வாரம் அவரே அங்கே வருகிறார். நான் உறவுக்காரி என்பதால் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

மாமா, வருகிறவரிடம் சொல்வீர்களா? கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்லை. அங்கே இருந்து எல்லோர் முகத்தையும் பார்க்க வேண்டியவர் நீங்கள்.

கொக்கி

---

ஜூலை 2

கொக்கிக்கு,

உன் மாமன் போன வாரம் மாநாட்டு அறைக்குள் நுழைந்தபோது உள்ளே இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். சரி, எழுந்து நிற்கவில்லை. ஒருவர் ஏசியைக் குறைக்க எழுந்தார். இந்தக் கடிதத்தில் மட்டும் கொஞ்சம் அடக்கி எழுது என்று உன் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நீ சொன்னது சரிதான். உன் முதல் பதில் வந்த அன்றைக்கு அதைப் போர்மேனிடம் காட்டிவிட்டேன். எல்லாம் பெருமைக்குத்தான்! அவர் படித்துவிட்டு முகம் வெளுத்து, "யோவ், உன் வாயைத் தைக்கணும்யா. ஒட்டுமொத்த யூனிட்டுக்கும் வேட்டு வெச்சிட்டியே! இல்லைன்னு எழுதிப் போடு, இப்பவே!" என்றார். அவர் நின்றுகொண்டே சொல்ல, நான் எழுதினேன். அதனால்தான் அதில் ருசி இல்லை.

உன் இரண்டாவது கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. டோசரில் உட்கார்ந்து படித்தேன். "ஒரே நாளில் தெருவுக்கு" என்ற இடத்தில் எஞ்சினை நிறுத்தினேன். அன்றைக்கு வேலை எதுவும் ஓடவில்லை.

இப்போது மாநாட்டு அறை. உன் தலைவர் நடுவில். அவருக்குப் பக்கத்தில் எங்கள் மேனேஜர். நான் எழுந்து, "ஐயா, சோதனைக்குப் போனது விருந்துக் குவியல். தள்ளினது நான்" என்றேன். பயமா எனக்கு? நாற்காலியின் முதுகை மட்டும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மேனேஜர் சிரித்துவிட்டார். "சார், இவர் பேச்சை எடுத்துக்காதீங்க. ஒருதடவை கடல்ல நின்ன கப்பலைக் கயிறு கட்டி இழுத்ததா என்கிட்டயே சொன்னவர் இவர்." அறை முழுக்கச் சிரிப்பு. போர்மேனும் சிரித்தார். பயத்தை மறைக்கிற சிரிப்பு அது, எனக்குத் தெரியும். உன் தலைவர், "உங்க மருமகளுக்கு உதவி செய்யறதா நினைச்சு ஏதாவது சொல்றீங்களா?" என்று மரியாதையாகவே கேட்டார்.

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நான் ஒன்றும் சேர்க்காமல் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கென்று பார்த்து ஒருத்தன்கூட நம்பவில்லை! எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று இன்னும் தெரியவில்லை.

அப்போதுதான் உன் மீட்டர் நினைவு வந்தது. "ஐயா, என்னை நம்ப வேண்டாம். நான் அப்படித்தான், ஊருக்கே தெரியும். ஸ்டோர்ல ஒரு மீட்டர் கிடக்கு. பழுதுன்னு ஓரம்கட்டினது. அதை மாட்டுங்க. காலையில விருந்துக் குவியலைத் தள்றேன், மத்தியானம் சுரங்கக் கரியைத் தள்றேன். எதைத் தள்றேன்னு நீங்களே யார்டுல நின்னு பாருங்க. அப்புறம் அது சொல்றதை நம்புங்க" என்றேன்.

உன் தலைவர் நல்ல மனிதர். காலணி முழுக்கக் கரியாகும் என்று தெரிந்தும் யார்டுக்கு வந்து நின்றார். விருந்துக் குவியலில் நான் கடித்துத் தின்ற மாதிரி ஒரு பெரிய பள்ளம். அதைப் பார்த்தபோதே அவர் முகம் மாறிவிட்டது. காலையில் மீட்டர் முள் படுத்துக் கிடந்தது, உன்னிடம் காட்டிய அதே இடத்தில். மத்தியானம் சுரங்கக் கரி பாய்லருக்குள் போய்ச் சேர்ந்ததும் முள் எழுந்தது பார், வாத்தியார் வந்ததும் எழுந்து நிற்கிற வகுப்பு மாதிரி! ஏறினது இறங்கவே இல்லை. தலைவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் சிம்னியைப் பார்த்தார். சிம்னி யாரையும் பார்க்கவில்லை.

மறுபடி சோதனை, வழக்கமான கரியில், முழுசாக. உத்தரவு போட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.

இங்கே இப்போது யாரும் என்னோடு பேசுவதில்லை. கேன்டீனில் நான் உட்கார்ந்தால் பெஞ்சு முழுக்க எனக்கே. நன்றாகக் காலை நீட்டிக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர், "உங்க அக்கா மகளுக்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்துட்டீங்க. எங்க பிள்ளைங்களுக்கு என்ன குடுக்கப் போறீங்க?" என்று கேட்டார். உனக்குப் பதில் தெரிந்தால் எழுது. அது இல்லாமல் எனக்குக் காலை நீட்டினாலும் தூக்கம் வரவில்லை.

மாமா

---

ஆகஸ்ட் 20

அன்புள்ள மாமாவுக்கு,

பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்ல இப்போது பதில் இருக்கிறது. அதற்காகத்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். வெறும் ஆறுதல் எழுத எனக்கு மனமில்லை.

முதலில் கெட்டதைச் சொல்கிறேன். சுரங்கக் கரியில் திரவம் கெட்டது, சந்தேகமில்லை. பாட்டிலில் எடுத்து வைத்த திரவம் பழைய எஞ்சின் ஆயில் போல இருக்கிறது. புகையிலிருந்து முதலில் கந்தகத்தைக் கழுவி எடுத்தால் திரவம் தாங்குகிறது. ஆனால் அந்தக் கழுவலும் இந்தப் பிடித்தலும் சேர்ந்து நிலையத்தின் நீராவியில் பெரும் பங்கைத் தாங்களே தின்றுவிடுகின்றன. நாலு யூனிட்டுக்கும் இதைக் கட்டுவது பலன் தராது. பழைய மூன்று யூனிட்டுக்கும் வேண்டாம் என்று எழுதிவிட்டேன். உங்கள் டோசரைப் பற்றி நான் அன்றைக்குச் சொன்னதில் பாதி சரிதான் என்று இதை வைத்துச் சொல்லலாம். மீதிப் பாதி தவறு. அதைக் கேளுங்கள்.

நாலாம் யூனிட் புதியது. அதற்குக் கழுவலும் சேர்த்து யந்திரம் கட்டலாம். வெயிலும் காற்றும் கைவிடுகிற நேரங்களில் அது மட்டும் ஓடும். வண்டியில் ஸ்டெப்னி இருக்கிறதே, அந்த மாதிரி. ஸ்டெப்னியை மட்டும் நம்பி யாரும் ஊருக்குக் கிளம்புவதில்லை. அது இல்லாமலும் கிளம்புவதில்லை. சுத்தக் கரிக்கு எதிர்காலத்தில் இடம் உண்டா என்று கேட்டால், உண்டு. சின்ன இடம், உண்மையான இடம். அறிக்கையில் இதையே கொஞ்சம் வறட்சியாக எழுதியிருக்கிறேன்.

குழு நேற்று அதை ஏற்றுக்கொண்டது. பழைய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விட்டு நிற்கும். ஒவ்வொன்றும் நிற்கும் முன் அதில் இருப்பவர்களுக்கு வேலை முடிவாகியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கழுவும் பிரிவுக்கும் யந்திரத்துக்கும் ஆள் வேண்டும். சாம்பல் கொட்டிய மைதானத்தைச் சமன்செய்து சூரியத் தகடு பதிக்கப் போகிறார்கள். அதற்கு முதலில் வேண்டியது டோசரும் அதை ஓட்டத் தெரிந்த கையும். மியூசியம் காத்திருக்கட்டும்.

கையெழுத்துப் போட்டேன் மாமா. போட்டுவிட்டு எழுந்து ஜன்னலைத் திறந்தேன். மூச்சு அவ்வளவு ஆழமாகப் போனது. எங்கள் தலைவர் சொன்னார், "முதல் அறிக்கை போயிருந்தா உன்னை யாராலும் காப்பாத்தியிருக்க முடியாதும்மா. உன் மாமாவோட வாய்தான் காப்பாத்துச்சு."

அந்தக் குவியலை ஏன் தள்ளினீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். நான் ஹெல்மெட்டோடு ஏணியில் நின்று உங்கள் கேபினைப் பார்த்தபோதெல்லாம், நீங்கள் இன்னும் கோபமாக இருக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். யார்டில் இருந்ததில் நல்லதை மட்டும் பொறுக்கி எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

உங்கள்
கொக்கி

---

ஆகஸ்ட் 27

என் தங்கக் கொக்கிக்கு,

உன் கடிதம் வந்த நாளில் குவார்ட்டர்ஸில் சைரன் ஊதினார்கள். ஊதவில்லை என்று சிலர் சொல்வார்கள், நம்பாதே. என் காதில் விழுந்தது.

கேன்டீனில் மேசை மேல் ஏறி நின்று படித்தேன். உன் அத்தைக்குத் தெரியாமல் ஏறினேன், தெரிந்தபின் இறங்கினேன். "நிற்கும் முன் அதில் இருப்பவர்களுக்கு வேலை முடிவாகியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை" என்ற வரியை மறுபடி படிக்கச் சொன்னார்கள். படித்தேன். இன்னொரு தடவை என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தார், நான் காலை மடக்கிக்கொண்டேன். போர்மேன் தேநீர் வாங்கிக் கொடுத்து, "யோவ், நீ வாயைத் திறந்தது நல்லதுக்குத்தான்யா. ஆனா இனிமே உன் வாய்க்கு ஒரு மீட்டர் மாட்டணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இது நல்ல சிரிப்பு. எனக்கு வித்தியாசம் தெரியும்.

சாம்பல் மைதானத்தை யார் சமன்செய்வது என்று மேனேஜரே என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "எனக்குக் கொஞ்சம் யோசிக்க நேரம் வேணும்" என்றேன். அவர் அறைக் கதவுவரை நான் நடப்பதற்குள் யோசித்து முடித்துவிட்டேன். கரியைத் தள்ளி வெளிச்சம் கொடுத்தவன் இனி வெயிலுக்கு மெத்தை விரித்து வெளிச்சம் கொடுக்கப் போகிறான். சூரியனே என்னிடம் ஆள் அனுப்பிக் கேட்டதாக வெளியில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் அத்தைக்கு வேறு சந்தோஷம். மூணு சிம்னி நின்றால் கொடியில் காயும் வெள்ளைப் புடவை வெள்ளையாகவே வீட்டுக்குள் வருமாம். இத்தனை வருஷமும் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் பார்த்ததில்லை.

விருந்துக் குவியல் இப்போது இல்லை. மீதி இருந்ததை நானே பெரிய குவியலோடு சேர்த்துத் தள்ளிக் கலந்துவிட்டேன். யார் வந்தாலும் இனி நாங்கள் சாப்பிடுவதுதான் அவர்களுக்கும். ஒரே ஒரு கட்டி மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். தலை வாரிக்கொண்டேன் என்று எழுதினேனே, அந்தக் கண்ணாடிக் கட்டி. டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீ வரும்போது முகம் பார்த்துக்கொள். பாதி முகம்தான் தெரியும், அதுவும் வெளிச்சம் சரியாக விழுந்தால். முதல் கடிதத்தில் அதைக் கொஞ்சம் பெரிதாகச் சொல்லிவிட்டேன்.

நீ கடைசியில் கேட்டதற்குப் பதில் எழுத நாலு தாள் கிழித்தேன். எனக்கு அதெல்லாம் எழுத வராது. சட்டம் படித்த அந்தப் பெரிய மனிதர்களை மறுபடி போய்க் கேட்டேன். சபதம் போட்டவனே அதை எடுத்துவிட்டால் அது செல்லும் என்கிறார்கள்.

ஆகவே இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த அன்றைக்குச் சாயங்காலம், நீ வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் உன் போன் அடிக்கும். எடு. தொண்டையைச் செருமுகிற சத்தம் மட்டும் வந்தால், அது நான்தான், கரித்தூசி அடைத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு காத்திரு. வைத்துவிடாதே.

மாமா